அன்னைக்கு இடம் பத்தலை: காசிமேட்டுப் படகு எழுத்தும் ஓர் இறுதியாண்டுப் புராஜெக்டும்

காசிமேட்டில் ஏப்ரல் 15 என்றால் மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாள். ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு வரை இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிடும் காலம் என்பது அரசு சொல்லும் காரணம். தடைக்காலம் என்றால் துறைமுகம் தூங்கிக் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தச்சருக்கும் பெயின்டருக்கும் வருஷத்திலேயே வேலை மிகுந்த காலம் அதுதான். பலகை மாற்றி, இடுக்கு அடைத்து, பழைய பெயின்டைச் சுரண்டி, புதிது அடித்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் படகுக்குப் பெயர் எழுதுவார்கள்.

கிராஃபிக் டிசைன் படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஜூரி, அதாவது செய்த வேலையை ஒரு குழு பார்த்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் நாள், வருவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். நான் சொல்லப்போகும் மாணவிக்கு 2025 மே இரண்டாவது வாரம் ஜூரி. அவளுக்கு நான் வெளி வழிகாட்டி. அதாவது, கல்லூரிச் சம்பளப் பட்டியலில் இல்லாத, வாரம் ஒருமுறை வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆள். ராயபுரத்தில் ஒரு சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். அவள் வீடு காசிமேடு. அப்பா விசைப்படகில் டிரைவர். அவள் செய்த வேலை ஜூரிக்குக் கொஞ்சம் புரிந்தது, கொஞ்சம் புரியவில்லை. எனக்கே முழுசாகப் புரிய ஜூன் ஆகிவிட்டது. நான் செய்த தப்பும் இதில் இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

சின்ன வேலைகள் இரண்டு

இறுதியாண்டில் மூன்று புராஜெக்ட் காட்ட வேண்டும். இரண்டு சின்னது, ஒன்று பெரிது.

முதலாவது, அவள் அத்தை விற்கும் கருவாட்டுக்கு லேபிள். நெத்திலி, வாளை இரண்டு மட்டும். ஒரு வாரத்தில் அழகாகச் செய்துவிட்டாள்: கைவரைந்த மீன், மங்கலான மஞ்சள், பளபளப்பான லேமினேஷன். அத்தை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி, “தேதி எங்க குத்துறது?” பேக் செய்த தேதியை ரப்பர் ஸ்டாம்பால் அன்றன்றைக்குக் குத்த வேண்டும். பளபளப்பு லேமினேஷன் மேல் ஸ்டாம்ப் மை நிற்காது, விரல் பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், அதற்கும் இடம் விடவில்லை. லேபிளின் கீழ்ப்பாதியை லேமினேஷன் இல்லாத தாளாக மாற்றி மறுபடி செய்தாள். மூன்று புராஜெக்டில் இன்றைக்கும் தினசரி ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

இரண்டாவது, தெருவில் நடக்கும் கேரம் போட்டிக்கு போஸ்டர். வடசென்னையில் கேரம் சும்மா பொழுதுபோக்கு இல்லை. வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி உலக சாம்பியன் ஆனவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைப் பெண். போர்டில் இருக்கும் 19 காயின்களையே கட்டமாக வைத்துப் போஸ்டரை அடுக்கியிருந்தாள். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் சிவப்பு. நன்றாகவே இருந்தது. கிளப்காரர்கள் நுழைவுக் கட்டணத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள், ஆக்கினாள். அவ்வளவுதான்.

பெரிய வேலை, தப்பான தொடக்கம்

மூன்றாவதுதான் படகு எழுத்து. பெயர் எழுதும் பெயின்டர்களின் கையெழுத்தை வைத்துக் கணினிக்கு ஒரு தமிழ் எழுத்துரு (ஃபாண்ட்) செய்ய வேண்டும் என்று டிசம்பரில் சொன்னாள். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் ‘கேட்டமரன்’ என்று ஒன்று இருக்கிறது, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. பெயரைப் பார்த்ததும், யோசனை ஏற்கெனவே போய்விட்டது சார் என்று முகம் வாடி வந்து நின்றாள். அது பெயரில்தான் கட்டுமரம், எழுத்து வேறு மாதிரி, சுத்தமான நவீன வடிவம். அதை இறக்கிப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனாள்.

இங்கே என் தப்பு. “முழு எழுத்துரு செய்யணும்மா, பாதியில விட்டா ஜூரி ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டேன்.

தமிழில் 247 எழுத்து என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டாம். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் பொருந்தும். ஆனால் உகர ஊகார வரிசை அப்படி இல்லை. கு, சு, மு, ரு, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும், 36-ஐயும் தனியாகத்தான் வரைய வேண்டும். இகர ஈகார விசிறியும் டி, டீ போன்ற இடங்களில் அடம்பிடிக்கும். கிரந்தம் வேறு. எல்லாம் சேர்த்தால் நூற்றைம்பது வடிவத்துக்கு மேல் போய்விடும். ஆறு வாரம் அதிலேயே போனது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூலத்திலேயே இருந்தது. படகுகள் தண்ணீரில் நிற்கும்போது அவள் போனில் எடுத்த படங்களை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பெயர் எழுதும் இடம் படகின் முன்பக்கம், அணியம். அது இரண்டு பக்கமும் உள்வாங்கி வளைந்து, மூக்கில் போய்க் குவியும். அந்த வளைவில் எழுதியதைக் கீழேயிருந்து சாய்வாகப் படமெடுத்து, ஃபோட்டோஷாப்பில் நேராக்கினால் வருவது யாருடைய எழுத்தும் இல்லை. பெயின்டருடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. ‘க’வின் தலை ஒரு படகில் தடியாக இருந்தது, இன்னொன்றில் மெலிந்து கிடந்தது. இரண்டுக்கும் சராசரி எடுத்து வரைந்திருந்தாள். பிப்ரவரி கடைசியில் மொத்தத்தையும் ஏ3 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா படகு இல்ல சார்” என்றாள். அதுதான் நிஜம். சுமாரான தலைப்பு எழுத்துரு ஒன்று வந்திருந்தது. எந்த இனிப்புக் கடைக்கும் போடலாம்.

பெரியப்பா

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெயின்டரிடம் அதற்குப் பிறகுதான் போனாள். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவளைப் போனோடு துறைமுகத்துக்கு அனுப்பியதே நான்தான் என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது.

அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஒருகாலத்தில் சினிமா பேனர், கட்சிச் சுவர், கடை போர்டு எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போய், படகு மட்டும் மிச்சமானது. உப்புக்காற்றிலும் அலையிலும் ஃப்ளெக்ஸ் நிற்காது, எனாமல் பெயின்ட் நிற்கும். அதனால் தப்பித்த தொழில்.

அவர் எழுதும் முறையை அவள் நோட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். நல்ல பக்கங்கள். முதலில் சுண்ணாம்புப் பொடி தேய்த்த நூலை இழுத்து அடித்து மேல்கோடு, கீழ்க்கோடு. அப்புறம் கோடு எதுவும் போடாமல், எழுத்துகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி விரலால் காற்றில் ஒருமுறை எழுதிப் பார்ப்பார். அதுதான் அளவெடுப்பு. பிறகு பட்டை பிரஷ்ஷால் எழுத்து. காய்ந்த பிறகு கீழும் வலமும் ஷேடு. கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் அவுட்லைன். அரசாங்கப் பதிவு எண் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக, ஷேடு இல்லாமல், நேர்க்கட்டையாக இருக்கும். “அது கோஸ்ட் கார்டு படிக்கிறதுக்கு. பேரு நம்ம ஆளுங்க பாக்குறதுக்கு” என்றாராம். யார் படிக்கப் போகிறார்கள் என்று பார்த்து எழுத்தை மாற்ற வேண்டும் என்பதை நான் இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடமாகப் படித்தேன்.

மார்ச்சில் ஒருநாள் ஒரு பெரிய படகின் பெயரை அவள் இரண்டு இடத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பெயர், அன்னை வேளாங்கண்ணி. காசிமேட்டில் அந்தப் பெயரில் எத்தனை படகு இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். அணியத்தில் எழுதியிருந்த ‘னை’ பழைய வடிவம். யானைத் தும்பிக்கை மாதிரி மேலே எழும்பி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளுமே, அது. அதே படகின் கேபின் நெற்றிப் பலகையில் எழுதியிருந்தது இன்றைய ‘னை’, இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்பது. ஒரே படகு, ஒரே கை, இரண்டு வடிவம்.

பழைய வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் புதிர் இல்லை. பெரியார் தன் பத்திரிகையில் 1935 முதலே பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தை 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ஏற்றது. ணா, றா, னா வரிசையில் ஒன்பது, ணை, லை, ளை, னை நான்கு, ஆக 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களின் கைக்குப் பழையதுதான் முதலில் வரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய ஆள், பழைய பழக்கம், கேபினில் எழுதும்போது யாராவது திருத்தியிருப்பார்கள். இதையே ஒரு பத்தியாக ஆய்வேட்டில் எழுதிவிடு என்றுகூடச் சொன்னேன். நல்லவேளை, என் பேச்சைக் கேட்காமல் அவரிடமே போய்க் கேட்டாள்.

“ஏன் பெரியப்பா, முன்னாடி எழுதுன ‘னை’ மட்டும் பழைய மாதிரி இருக்கு?”

“பழசும் இல்ல புதுசும் இல்ல கண்ணு. அங்க எடம் பத்தாது. கொம்பத் தனியாப் போட்டா கடைசி ‘ணி’ மூக்கத் தாண்டிக் கடலுக்குப் போயிடும். கேபின்ல எடம் கெடக்குது, அங்க இன்னா, தாராளமாப் போடலாம்.”

மொத்தப் புராஜெக்டும் இந்தப் பதிலில் இருந்தது. இணைக்கொம்பு ஏறக்குறைய ஓர் எழுத்தின் அகலத்தைத் தின்னும். தும்பிக்கை மேலே ஏறிவிடுவதால் பக்கவாட்டில் இடம் மிச்சம். பழசு, புதுசு என்று நாங்கள் வரலாற்றில் தேடிக்கொண்டிருந்தது அவருக்கு அகலக் கணக்கு. அவர் கையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே வடிவம் கிடையாது, இடத்துக்குத் தக்க மாறும் ஒரு வீச்சு இருக்கிறது. அதைச் சராசரி எடுத்ததால்தான் பிப்ரவரியில் சுவரில் ஒட்டியது செத்துக் கிடந்தது.

சுரண்டலுக்கு முன்னால்

இனி வீச்சை அளக்க வேண்டும், அதற்குப் படம் உதவாது. எழுத்தின் மேலேயே வைத்து அசல் அளவில் நகல் எடுக்க வேண்டும். படகு தண்ணீரில் ஆடும்போது முடியாது, கரையில் ஏறினால்தான் முடியும். கரையில் ஏறுவது ஏப்ரல் 15-க்குப் பிறகு. ஏறியதும் நடக்கும் முதல் வேலை பெயின்டைச் சுரண்டுவது. ஏற்றுவதற்கும் சுரண்டுவதற்கும் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு நாள்தான் அவளுக்கு. ஜூரிக்கு நான்கு வாரம்கூட இல்லை.

முதல் நாள் பட்டர் பேப்பர் கொண்டுபோனாள். கடற்காற்றில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. மறுநாள் பாரிமுனையில் போய், சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் கண்ணாடி மாதிரி பாலிதீன் ரோல் வாங்கினோம். மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கீழே அவள் மார்க்கரால் வரைந்தாள். வளைவோடு வளைவாக ஒட்டிக்கொண்டது. எடுத்துத் தரையில் விரித்தால் எழுத்து எவ்வளவு கோணலாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது: மூக்குப் பக்கம் போகப் போக எழுத்து உயரமாகிக்கொண்டே போகிறது. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

16-ஆம் தேதி போவதற்குள் ஒரு படகைச் சுரண்டிவிட்டார்கள். அவள் ஜனவரியிலிருந்து பார்த்து வைத்திருந்த படகு, ஷேடு மூன்று நிறத்தில் இருக்கும். பாதி ‘மு’ மட்டும் மிச்சம் நின்றது. போன் செய்து அழுதாள். அப்புறம் புனித வெள்ளி காப்பாற்றியது. அந்த வருஷம் ஏப்ரல் 18 பெரிய வெள்ளி, 20 ஈஸ்டர். வேலையாட்களில் பலர் மூன்று நாள் வரவில்லை, சுரண்டல் மந்தமானது. அந்த மூன்று நாளில்தான் பெரும்பாலான நகல்கள் எடுக்கப்பட்டன. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

எழுத்து தானே மாற வேண்டும்

முழு எழுத்துருவை அங்கேயே கைவிட்டோம். நகலெடுத்த பெயர்களில் வரும் எழுத்துகள் மட்டும் போதும் என்று முடிவு. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வரைய வேண்டும்: ஒன்று மிக ஒடுக்கமாக, ஒன்று மிக அகலமாக. நடுவில் வருவதைக் கணினி நிரப்பிக்கொள்ளும். மாறும் எழுத்துரு என்ற இந்த நுட்பத்தை 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்தன. ஒரே கோப்பில் அகலத்தையோ தடிமனையோ இழுத்து இழுத்து மாற்றலாம். நிபந்தனை ஒன்றுதான், ஒடுக்க வடிவத்திலும் அகல வடிவத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து நடுவழியில் முறுக்கிக்கொண்டு நிற்கும். கல்லூரி லேபில் இருந்த மேக்கில் க்ளிஃப்ஸ் மென்பொருளில் ராத்திரி ராத்திரியாக அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

‘னை’தான் இடித்தது. தும்பிக்கைக்கும் இணைக்கொம்புக்கும் புள்ளிகள் ஒத்துப்போக வழியே இல்லை, இரண்டும் வேறு வேறு உருவம். நான் ஏதாவது ஒன்றை விட்டுவிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவள் காட்டியதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அகலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ஒரு வடிவத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் வசதி மாறும் எழுத்துருக்களில் இருக்கிறது. பொதுவாக டாலர் குறிக்குப் பயன்படுத்துவார்கள், எழுத்து தடித்துப்போனால் நடுக்கோட்டை வெட்டிவிட. அவள் அதை ‘னை’க்கு வைத்திருந்தாள். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் பழைய ‘னை’க்குத் தனிக் குறியீடு கிடையாது. ‘ன’வும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து, அவ்வளவுதான். எந்த உருவத்தில் காட்டுவது என்பது எழுத்துருவின் பாடு. ஆகவே தட்டச்சு செய்வது மாறாது, தேடினாலும் கிடைக்கும். திரையில் ‘அன்னை வேளாங்கண்ணி’ என்று அடித்து, அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். எழுத்துகள் நெருங்கின, நெருங்கின, ஒரு கட்டத்தில் கொம்பு சட்டென்று மறைந்து தும்பிக்கை மேலே ஏறியது. ‘ணி’ உள்ளே வந்துவிட்டது.

பெரியப்பா விரலால் காற்றில் போட்ட கணக்கு அது.

அச்சும் ஜூரியும்

புத்தகமாக அச்சடிக்கப் போன இடத்தில் ஒரு கூத்து. தமிழ் ஃபைலை அச்சகத்தில் கொடுப்பவர்களுக்குத் தெரியும், எழுத்தைக் கோடாக மாற்றாமல் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும். “கர்வ் பண்ணிக் குடு” என்பது அச்சகத் தெருக்களின் வேதவாக்கு. அவளும் கர்வ் பண்ணித்தான் கொடுத்தாள், ஓர் அட்டைப்படம் தவிர. அந்த ஒன்றில் எழுத்து எழுத்தாகவே இருந்தது. டிடிபி ஆபரேட்டர் பழைய ‘னை’யைப் பார்த்து, ஃபாண்ட் உடைந்துவிட்டது என்று நல்ல மனசோடு தன் கணினியில் இருந்த வேறு ஓர் எழுத்துருவில் மறுபடி அடித்துவிட்டார். ஆய்வின் ஆதாரமான ஓர் எழுத்து அட்டையிலேயே காணோம். நல்லவேளையாக புரூஃபில் பிடித்தோம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்ததும் அக்கறையில்தான்.

ஜூரியில் ஒருவர் கேட்டார், இது எழுத்துருவா, ஆவணமா? நல்ல கேள்வி. அவள் பதில் நன்றாக அமையவில்லை, இரண்டும்தான் சார் என்று சொல்லி நிறுத்திவிட்டாள். ஆங்கில எழுத்து ஏன் இல்லை என்று இன்னொருவர் கேட்டது நியாயம்தான். பதிவு எண்ணை விட்டுவிட்டதற்கு நேரமின்மை தவிர எங்களிடம் காரணம் இல்லை. அகலத்தைக் குறைத்துக் காட்டியபோது ஒரே ஒருவர் மட்டும் முன்னால் வந்து, “இன்னொரு தடவை காட்டும்மா” என்றார். மதிப்பெண் மோசமில்லை. கேரம் போஸ்டருக்குத்தான் அதிகம் கிடைத்தது.

ஜூன்

எழுத்துருவை இணையத்தில் இலவசமாக விட வேண்டும் என்றுதான் முதலில் பேசியிருந்தோம். திறந்த உரிமத்தில் விட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் படகு ஓனர் ஒருவர் அவள் அப்பா மூலமாகக் கேட்டு அனுப்பினார்: பாப்பா கம்ப்யூட்டரில் படகு எழுத்து செய்திருக்கிறதாமே, அதை வினைல் ஸ்டிக்கரில் வெட்டித் தர முடியுமா? ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். இப்போதைய கடல் தர வினைல் உப்புக்கும் தாங்கும் என்கிறார்கள். அவருக்கு வேண்டிய பெயரில் இருந்த எல்லா எழுத்தும் அவள் கோப்பில் தயாராக இருந்தன.

என்னிடம் வந்து, என்ன சார் சொல்லட்டும் என்றாள். எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவிடமே கேள் என்றேன், அது வழிகாட்டுதலா தட்டிக்கழித்தலா என்று இப்போதும் சந்தேகம். அவரிடம் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தாள். நகலெடுத்த நாட்களுக்கான கூலியை முன்பே கொடுத்திருந்தாள், வாங்க மறுத்தவரை அப்பா சொல்லித்தான் வாங்க வைத்தார். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு ‘வே’யில் விரலை வைத்து, “இந்த வளைவு என்னுது இல்ல, அவன் எழுதுனது” என்று வேறொரு பெயின்டர் பெயரைச் சொன்னார். பார்த்தால், சரிதான், அந்தப் படகின் நகல் தாளில் பெயின்டர் பெயரை மாற்றிக் குறித்திருந்தாள். ஸ்டிக்கர் விஷயத்தைக் கேட்டதற்கு, “ஓனர் துட்டு, ஓனர் போட்டு” என்று மட்டும் சொன்னார்.

ஓனருக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. கோப்பு இணையத்திலும் ஏறவில்லை. கிளம்பும்போது, அந்தக் கண்ணாடி பாலிதீன் மிச்சம் இருக்கிறதா என்று அவர் கேட்டாராம், மழைக்குப் பெயின்ட் டப்பாக்களை மூட. எழுதாத ரோல் தீர்ந்துவிட்டது. எழுத்து இருக்கும் தாள்களில் நல்லதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பாதி ‘மு’ இருந்த தாளை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.